மே 21: ஸ்தாபகர் திருநாளில் எங்கள் சனத்துக்கு என்ன சொல்வது?

வாய்க்கால்கரை

வணக்கம். எங்கள் பங்கை அமலமரித் தியாகிகள் (சுருக்கமாக அமதி) சபைக் குருமார் பார்க்கிறார்கள். மே 21 அவர்களின் ஸ்தாபகர் புனித யூஜின் டி மசெனட் திருநாள். இம்முறை பூசை முடிந்ததும் இளையோர் மன்றத்தின் சார்பில் ஒருவர் பத்து நிமிடம் பேச வேண்டுமாம். ஃபாதர் அதை என் தலையில் கட்டிவிட்டார். தலைப்பையும் அவரே தந்தார்: மாறிவரும் காலத்தில் எங்கள் ஸ்தாபகர்.

கையில் ஒரு துண்டுப்பிரசுரம் இருக்கிறது. பிரான்சில் பிரபு குடும்பத்தில் பிறந்தார், குருவானார், சபையைத் தொடங்கினார், மார்செய் நகரத்தின் ஆயரானார், புனிதரானார். சரி. ஆனால் மே 18 கழிந்து மூன்றாம் நாள் எங்கள் சனம் கோயிலுக்கு வரும். முள்ளிவாய்க்காலில் விளக்கேற்றி, அழுது, வெயிலில் நின்று களைத்த சனம். அவர்களுக்கு முன்னால் நின்று 200 வருசத்துக்கு முந்திய பிரான்சைப் பற்றி நான் என்ன கதைப்பது? சும்மா புகழ்ந்துவிட்டு இறங்க விருப்பமில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கிழட்டு வாத்தி

தம்பி, துண்டுப்பிரசுரம் எழுதுகிறவர்கள் எங்களுக்குத் தேவையான பக்கத்தைத்தான் எப்போதும் விட்டுவிடுவார்கள். அந்த மனிதர் ஓர் அகதி.

பிறந்தது 1782இல், எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் என்ற ஊரில். தகப்பன் அங்கே நீதிமன்றத்தில் பெரிய பதவியில் இருந்தவர். 1789இல் புரட்சி வெடித்தது. 1790, 91இல் குடும்பம் ஊரை விட்டு ஓடியது. பையனுக்கு அப்போது எட்டோ ஒன்பதோ வயது. முதலில் நீஸ். அப்புறம் துரின். பின்னால் பிரெஞ்சுப் படை வர வர வெனிஸ், அங்கிருந்து நேப்பிள்ஸ், கடைசியாகக் கடல் கடந்து சிசிலித் தீவின் பலேர்மோ. திரும்பி ஊருக்கு வந்தது 1802இல், 20 வயதில். பதினொரு வருச இடப்பெயர்வு.

நீ இந்த ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, உடனே கிளிநொச்சி, தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், புதுமாத்தளன் என்று சொல்லிப் பார். கோயிலில் ஒருவரும் தூங்கமாட்டார்கள்.

இன்னொன்று. சொத்தை மீட்பதற்காகத் தாய் முன்னதாகவே பிரான்சுக்குத் திரும்பினார். சீதனச் சொத்தைக் காப்பாற்றச் சட்டப்படி விவாகரத்தும் எடுத்தார். தகப்பன் சிசிலியில் தங்கிவிட்டார். அந்தக் குடும்பம் பழையபடி ஒன்றுசேரவே இல்லை. புருசன் இல்லாமல் காணி பெர்மிட்டுக்காகப் பிரதேச செயலக வாசலில் வருசக்கணக்காக நின்ற எங்கள் பெண்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

கடைசியாக ஒரு திகதி. ரோமில் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தது 1995 டிசெம்பர் 3. போர் நெருங்க, யாழ்ப்பாணத்தின் வலிகாமம் முழுக்க ஒரே இரவில் வெளிக்கிட்டது அதே வருசம் ஒக்டோபர் 30. அங்கே வத்திக்கானில் மணி அடித்தபோது, யாழ்ப்பாணத்தில் அவருடைய சபை வளர்த்த சனம் தென்மராட்சியில் மரத்துக்குக் கீழே கிடந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் கிளாலி கடந்து வன்னிக்கும் வந்துகொண்டிருந்தது.

தேவாரம்

நான் வவுனியா, சைவன். உள்ளே வந்து கதைக்கலாம் என்று நினைக்கிறேன்.

அகதியாக இருந்தார் என்பது உண்மை. ஆனால் எப்படிப்பட்ட அகதி? பலேர்மோவில் ஒரு கோமகன் வீட்டில் சொந்தப் பிள்ளைபோல இருந்து, தன்னைக் கோமான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவர். தறப்பாளுக்குக் கீழே படுத்தவர் இல்லை. பிற்காலத்தில் மூன்றாம் நெப்போலியனின் செனட்டிலும் இருந்தார். எங்கள் சனத்தோடு ஒப்பிடும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவருடைய ஆட்கள் இலங்கைக்கு வந்தது 1847இல். வெள்ளைக்காரன் ஆண்ட காலம். அடுத்த வருசமே ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். ஏன் தொடங்க வேண்டி வந்தது என்று யோசித்தால், எங்கள் பக்கத்து ஆட்கள் மிசனரிகளை எப்படிப் பார்த்தார்கள் என்று தெரியும்.

நான் சண்டைக்கு வரவில்லை. எங்களுக்கும் இதே சிக்கல்தான். குருபூசை அன்று நாவலர் படத்துக்கு மாலை போடுகிறோம், இரண்டு பேர் பேசுகிறார்கள், சுண்டல் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறோம். 1876, 77 பஞ்சத்தில் அவர் கஞ்சித்தொட்டி நடத்தினார். அதைப் பற்றி ஒரு வார்த்தை வராது. அவரிடம் இருந்த சாதிக் கட்டுப்பாட்டை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறோம். ஒரு ஸ்தாபகரிடம் எதை எடுப்பது, எதை விடுவது என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்? என் கேள்வி அதுதான்.

குருமடத்தில் நாலு வருசம்

தேவாரம் அண்ணை கேட்டது சரியான கேள்வி. கத்தோலிக்க சபைகள் எல்லாவற்றுக்கும் அதே கேள்வி 1965இல் வந்தது. துறவற வாழ்வைப் புதுப்பிப்பது பற்றி இரண்டாம் வத்திக்கான் சங்கம் அந்த ஒக்டோபரில் ஓர் ஆவணம் வெளியிட்டது. அது இரண்டு காரியம் கேட்டது: ஸ்தாபகரின் மூல எண்ணத்துக்குத் திரும்புங்கள், மாறிய காலத்துக்கு ஏற்ப உங்களை மாற்றுங்கள். இரண்டையும் ஒன்றாகச் செய்ய வேண்டும் என்பதுதான் அதில் உள்ள கஷ்டம். முதலாவதை மட்டும் செய்தால் அருங்காட்சியகம். இரண்டாவதை மட்டும் செய்தால் இன்னொரு என்ஜிஓ. வன்னியில் என்ஜிஓவுக்கு என்றைக்கும் குறை இருந்ததில்லை.

கோமான் வாழ்க்கை பற்றிச் சொன்னதை நான் மறுக்கமாட்டேன். ஊர் திரும்பிய பிறகும் பணக்கார இடத்தில் பெண் தேடிய ஆள். கோபக்காரர் என்று அவருடைய சபைக்காரரே எழுதி வைத்திருக்கிறார்கள். 1807 பெரிய வெள்ளியன்று சிலுவைக்கு முன்னால் அழுத பிறகுதான் திசை மாறுகிறது. 1811இல் குருவானார். பெரிய இடத்துப் பிள்ளைக்குப் பெரிய பதவி காத்திருந்தது. அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு எக்ஸ் ஊருக்கு வந்தார்.

அங்கே முதலில் செய்ததைக் கவனியுங்கள். 1813 தவக்காலம், மதலேன் கோயில், காலை ஆறு மணிப் பிரசங்கம். யாருக்கு? வீட்டு வேலைக்காரர், கூலிகள், பிச்சைக்காரர். பிரபுக்கள் பேசிய பிரெஞ்சில் பேசாமல், அந்தச் சனம் அடுப்படியில் பேசுகிற ப்ரோவான்சால் மொழியில் பேசினார். உலகம் உங்களை எப்படிப் பார்த்தாலும் கடவுள் கண்ணில் நீங்கள் அவருடைய பிள்ளைகள் என்பதுதான் சாரம். ஊர்ப் பெரியவர்கள் முகம் சுளித்தார்கள்.

1816 ஜனவரி 25, பழைய கார்மேல் மடம் ஒன்றில் சில குருமாரோடு குழுவைத் தொடங்கினார். அப்போது பெயர் ப்ரோவான்ஸ் மிசனரிகள். பெயரே சொல்கிறது, அந்த மாகாணத்துக் கிராமங்களை விட்டு வெளியே போகிற எண்ணம் இல்லை. 1826இல் திருத்தந்தையின் அங்கீகாரத்தோடு பெயர் மாறியது. 1841இல் கனடா, 1847இல் இலங்கை. செமேரியா அடிகள் தலைமையில் 4 பேர் காலியில் வந்து இறங்கினார்கள். ஸ்தாபகர் காலத்தில் இப்படித்தான் இருந்தது என்று யாராவது சொன்னால், எந்த வருசத்து ஸ்தாபகர் என்று திருப்பிக் கேளுங்கள். அவரே பத்து வருசத்துக்கு ஒருக்கால் மாறியிருக்கிறார்.

ஸ்காபரோ மடுவான்

தம்பி வாய்க்கால்கரை, பேச்சை நீங்கள் பாருங்கள். நான் வேறு ஒன்று சொல்கிறேன். கோயில் வாசலில் ஸ்தாபகருக்கு ஏழடிச் சுரூபம் ஒன்று வைப்போம், கீழே கருங்கல் பீடம். முழுச் செலவும் என்னுடையது. 1990இல் நாங்கள் மடு மாதா கோயிலுக்கு ஓடி வந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. ஃபாதர்மார் இல்லாவிட்டால் அன்றைக்கு என் தாய் உயிரோடு இருந்திருக்கமாட்டா. அந்த நன்றியை எங்கே போய்க் காட்டுவது?

தேவாரம்

அண்ணை, குறை நினைக்க வேண்டாம். வன்னியில் இப்போது ஆளைவிடச் சிலை கூட.

பங்குச்சபை ஆள்

சிலை வேண்டாம் என்று சொல்வது லேசு. ஸ்தாபகரே மார்செய் ஆயராக இருந்தபோது மலை உச்சியில் நோத்ர தாம் த லா கார்ட் கோயிலைக் கட்டத் தொடங்கியவர். புதிய பேராலயத்துக்கும் அத்திவாரம் போடவைத்தவர். ஏழைகளைப் பார்த்தவர் கல்லை வெறுத்தவர் இல்லை. எங்கள் இடத்திலும் போஞ்சியான் ஆண்டகை 1872இல் மடுவில் புதுக் கோயிலைத் தொடங்காவிட்டால் 1990இல் சனம் ஓடிப்போய் நிற்க எது இருந்திருக்கும்? போஞ்சியானும் அமதி சபைக்காரர்தான்.

தருமபுரத்தாள்

இரண்டு நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். இனி நானும் சொல்கிறேன்.

என் தகப்பன் குடும்பம் 77 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்தது. காடு வெட்டினது நாங்கள், கிணறு வெட்டினது நாங்கள். பரம்பரைக் காணிக்காரர் எங்களுக்கு வைத்திருந்த பெயரை இங்கே எழுத விரும்பவில்லை, எல்லோருக்கும் தெரியும். கோயிலிலும் எங்கள் சனம் பின்னுக்குத்தான் இருக்கும். யாரும் அங்கே இரு என்று சொன்னதில்லை. தானாகவே போய் அங்கே இருந்துவிடும். அன்பியம் என்கிற அயல்வீட்டுச் செபக் குழுவின் தலைவியாக எங்கள் வரிசை வீட்டுக்காரி ஒருத்தியை இதுவரை நான் கண்டதில்லை.

குருமடத்துத் தம்பி எழுதியதில் எனக்குப் பிடிபட்டது காலை ஆறு மணி. அவர் ஏன் ஆறு மணிக்குப் பிரசங்கம் வைத்தார்? எசமான் எழும்ப முதல் வேலைக்காரிக்குக் கிடைக்கிற நேரம் அதுதானே. அந்தச் சனத்துக்கு எப்போது கை காலியாக இருக்கும் என்று பார்த்து நேரம் வைத்திருக்கிறார்.

இப்போது எங்கள் ஒழுங்கையைப் பாருங்கள். கார்மெண்ட்ஸ் பஸ் விடிய ஐந்தரைக்கு வரும். பிள்ளைகள் இருட்டுக்குள்ளே சோற்றுப் பார்சலோடு சந்தியில் நிற்பார்கள். திரும்பி இறங்க இரவு ஏழு ஆகும். சனிக்கிழமையும் வேலை. ஞாயிறு ஒரு நாள்தான் உடுப்புத் தோய்க்க, தலை முழுக, லோன்காரனுக்குக் கிழமைக் காசு சேர்க்க. கடலை பிடுங்குகிற காலம் என்றால் ஞாயிறு காலையும் கூலிக்குப் போய்விடுவார்கள். பூசை ஏழரைக்கு, மறைக்கல்வி ஒன்பதுக்கு, இளையோர் கூட்டம் பத்துக்கு. பத்து மணிக்கு வருவது யார்? ஏஎல் படிக்கிற பிள்ளைகள், அரசாங்க உத்தியோகத்தர் வீட்டுப் பிள்ளைகள். பிறகு எல்லோரும் சேர்ந்து இந்தக் காலத்துப் பெட்டைகளுக்குக் கோயில் பக்தி இல்லை என்பார்கள்.

சுரூபம் வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த மனிதர் இன்றைக்கு எங்கள் பங்குக்கு வந்தால் ஐந்தரைக்குச் சந்தியில் நிற்பாரா, ஏழரைக்குப் பீடத்தில் நிற்பாரா?

வாய்க்கால்கரை

அக்கா, எங்கள் மன்றத்தில் 34 பேர் பதிவு. கார்மெண்ட்ஸுக்குப் போகிற ஒருவர்கூட இல்லை. இவ்வளவு நாளும் இதை யாரும் கேட்டதும் இல்லை.

பங்குச்சபை ஆள்

தங்கச்சி சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நடைமுறையைப் பாருங்கள். ஒரு ஃபாதர், மூன்று துணைக்கோயில். ஞாயிறு ஏழரை முடிந்து ஒன்பதரைக்கு அடுத்த கோயில், அப்புறம் பதினொன்று. விடிய ஐந்து மணிக்குப் பூசை வை என்றால் காட்டு ரோட்டில் யானை நிற்கும். போன வருசம் மோட்டச்சைக்கிளில் வந்த உபதேசியார் மயிரிழையில் தப்பினார். ஃபாதரும் மனுசன். இன்னொன்று, நேரத்தை மாற்றினால் வருசக்கணக்காக ஏழரைக்கு வருகிற கிழடு கட்டைகள் என்ன செய்யும்?

குருமடத்தில் நாலு வருசம்

பூசை நேரத்தை மாற்றச் சொல்லி அக்கா கேட்கவில்லையே. அந்த ஆறு மணிப் பிரசங்கமும் வழமையான பூசைகளை எடுத்துவிட்டு வைத்தது இல்லை, தவக்காலத்துக்கென்று தனியாக வைத்தது. கூட்டத்தை வேறு நேரத்தில், வேறு இடத்தில் வைக்கலாம்.

இளையோர் மன்றம் என்றதால் இதையும் சொல்கிறேன். அதே 1813இல் அவர் எக்ஸ் ஊரில் இளைஞர் சங்கம் ஒன்று தொடங்கினார். முதல் நாள் 7 பேர். நாலு வருசத்தில் ஏறக்குறைய 300. நெப்போலியன் ஆட்சியில் இப்படி ஆள் சேர்ப்பதே ஆபத்து, பொலிஸ் கண் வைத்திருக்கும். அப்படியிருந்தும் செய்தார். அங்கே செபம் மட்டும் இல்லை, தோட்டத்தில் ஓடிப்பிடித்து விளையாட்டும் நடந்தது. எங்கள் பக்கம் மாவா, ஐஸ் என்று போதைப்பொருள் பள்ளிக்கூட மதில் வரைக்கும் வந்துவிட்ட நேரத்தில், பெடியளுக்குப் பின்னேரம் ஒரு பந்தும் ஒரு வெளிச்சமும் கொடுப்பது பக்திக்கு வெளியே உள்ள வேலை இல்லை.

முன்னாள்

நான் அதிகம் எழுதுகிற ஆள் இல்லை. முன்னாள் போராளிகளுக்கான புனர்வாழ்வு முடிந்து 2011இல் ஊருக்கு வந்தேன். அன்பியக் கூட்டம் வீடு வீடாக மாறி வரும். என் வீட்டுக்கு மட்டும் வராது, என் வீட்டைத் தாண்டிப் போகும். சீஐடி வரும் என்ற பயம். நான் யாரையும் குறை சொல்லவில்லை, எனக்கும் அந்தப் பயம் இருந்தது. இரண்டு வருசம் கழித்து ஒரு கிழவி தானாக வந்து, அடுத்த கூட்டம் உன் வீட்டில் என்று சொல்லிவிட்டுப் போனா. அன்றைக்கு ஒன்பது பேர் வந்தார்கள். பாய் போதவில்லை, உரப்பை விரித்து இருந்தார்கள்.

இந்த ஸ்தாபகர் சிறைக்குப் போனவர் என்று எங்கோ கேள்விப்பட்டேன். உண்மையா?

கிழட்டு வாத்தி

உண்மை. எக்ஸ் சிறையில் மரண தண்டனைக் கைதிகளோடு கடைசி வரை நின்றவர். 1814இல் ஒஸ்திரியப் போர்க் கைதிகள் அங்கே அடைக்கப்பட்டிருந்தார்கள். அவருடைய நாட்டோடு சண்டை போட்ட படைக்காரர். உள்ளே டைபஸ் காய்ச்சல். பார்க்கப் போன ஒரு குரு செத்த பிறகு இவர் தானாக முன்வந்து போனார். இவருக்கும் தொற்றி, சாகக் கிடந்து எழும்பினார்.

தம்பி வாய்க்கால்கரை, இதைச் சொல். சொல்லிவிட்டு எங்கள் நிலைமையோடு பொருத்தி நீ விளக்கம் கொடுக்கத் தேவையில்லை. கேட்கிற ஆட்களுக்கு விளங்கும். விளங்காத மாதிரி இருப்பவர்களுக்கும் விளங்கும்.

இன்னொரு சங்கதி. ஸ்தாபகர் என்றால் பிரான்சுக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. அதே அமதி சபையில் எங்கள் யாழ்ப்பாணத்துப் பிள்ளை தந்தை தோமஸ், 1928இல் தோலகட்டியில் செபமாலைத் தாசர் சபையைத் தொடங்கினார். ஊரில் நெல்லி ரசம் வாங்கிக் குடித்த அரைவாசிப் பேருக்கு அதைச் செய்த துறவிகளின் கதை தெரியாது. பிரான்சில் போட்ட விதை இங்கே வேறு மரமாக வந்திருக்கிறது. மசெனட் பேசுகிற சபையில் தோமஸ் சுவாமி பேசாமடத்தை உண்டாக்கினார். ஸ்தாபகரைப் பார்த்து இன்னொருவர் ஸ்தாபகராவதும் நடக்கிற காரியம்தான்.

தேவாரம்

வாத்தியார் சொன்ன சிறைக் கதை எனக்குத் தெரியாது. கோமான், செனட் என்று நான் எழுதியதில் மாற்றம் இல்லை, ஆனால் இதையும் பக்கத்தில் வைக்க வேண்டியதுதான்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் வாசலில் போராட்டம் தொடங்கி இருந்தார்களே. அந்தப் பந்தலில் சைவத் தாய்மாரும் இருந்தார்கள், செபமாலையோடு வந்த தாய்மாரும் இருந்தார்கள். தொடங்கிய நாட்களில் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் வந்து போனார்கள், படமும் எடுத்தார்கள். வருசங்கள் போகப் போக ஆட்கள் குறைந்தார்கள், தாய்மார் ஒவ்வொருவராகச் செத்துக்கொண்டிருக்கிறார்கள். எந்தச் சமயத்து ஸ்தாபகரைப் பற்றிப் பேசினாலும் அந்தப் பந்தலைத் தாண்டிப் பேச முடியாது என்பது என் அபிப்பிராயம்.

ஸ்காபரோ மடுவான்

எல்லாவற்றையும் வாசித்தேன். சுரூபத்தை நான் கைவிடவில்லை, அதை அடுத்த வருசம் பார்ப்போம். தருமபுரத்தாள் தங்கச்சி, அந்தப் பிள்ளைகள் ஏழு மணிக்கு இறங்குகிற சந்தியில் இருந்து கோயில் எவ்வளவு தூரம்? இருட்டில் எப்படி வந்து போவார்கள்? வான் பிடித்தால் மாதம் எவ்வளவு வரும்?

தருமபுரத்தாள்

ஏறக்குறைய நாலு கிலோமீற்றர் அண்ணா. கோயிலுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று என்ன கட்டாயம்? எங்கள் ஒழுங்கை முன்பள்ளிக் கட்டடம் இரவில் சும்மாதான் கிடக்கிறது. ஃபாதரும் மன்றத்துப் பிள்ளைகளும் இங்கே வரட்டும். ஆனால் நாளைக்கே வந்து செபம் சொல்லிக்கொடுக்க வேண்டாம். முதல் நாள் வந்து இருந்து பிளேன்ரீ குடிக்கட்டும், பிள்ளைகள் கதைப்பதைக் கேட்கட்டும். சம்பளச் சீட்டில் என்ன என்ன வெட்டுகிறார்கள் என்று அவர்களுக்கே விளங்கவில்லை. கணக்குத் தெரிந்த ஒருவர் வந்து பார்த்துச் சொன்னால் பெரிய உதவி. வான் காசுக்கு ஒரு சோலர் லைட் போட்டுத் தரலாம், சந்தியில் இருட்டு.

பங்குச்சபை ஆள்

முன்பள்ளித் திறப்பு என்னிடம்தான் இருக்கிறது. சனி இரவு என்றால் தரலாம். ஆனால் எட்டரைக்கு மேல் வேண்டாம், யானை வேலிப் பக்கம் அந்த நேரம்தான் அசையும்.

வாய்க்கால்கரை

எல்லோருக்கும் நன்றி. நேற்று ஃபாதரிடம் போய்ச் சொன்னேன். முதலில் கொஞ்சம் யோசித்தார். சனி இரவு ஞாயிறுப் பிரசங்கம் ஆயத்தப்படுத்துகிற நேரம் என்றார். பிறகு, முதல் தரம் தானும் வருவதாகச் சொன்னார்.

பேச்சை இப்படி வைத்திருக்கிறேன்: ஊர்ப் பெயர்களில் தொடங்கி, ஆறு மணிப் பிரசங்கம், ஒஸ்திரியக் கைதிகள். அதோடு நிறுத்துகிறேன். பத்து நிமிடம் வராது, ஆறு நிமிடம்தான் வரும். மே 23 சனி இரவு ஏழேகாலுக்கு முன்பள்ளியில் கூட்டம் என்று மேடையிலேயே அறிவித்துவிடுவேன். கார்மெண்ட்ஸ் பிள்ளைகளுக்கு அக்கா பஸ்ஸுக்குள்ளேயே சொல்லிவிடுங்கள், அன்று வியாழன், அவர்கள் பூசைக்கு வரமாட்டார்கள்.

முன்னாள் அண்ணை, கணக்குப் பார்க்க உங்களைக் கூப்பிடலாமா? கூட்டுறவுச் சங்கத்தில் வேலை செய்தவர் என்று முன்பு இன்னோர் இழையில் எழுதியிருந்தீர்கள்.

முன்னாள்

வருகிறேன். கல்குலேட்டர் என்னிடம் இருக்கிறது. சம்பளச் சீட்டு மூன்று மாதத்துடையதைக் கொண்டுவரச் சொல்லுங்கள், ஒரு மாதத்தை வைத்து ஒன்றும் பிடிக்க முடியாது.